யார் வீட்டு விசேஷமும் இல்லாத மேடை

(எல்லையோர நூலகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சின்னது. பத்துப் பதினைந்து சென்ட் நிலம். அதில் நாலு மரம், ஐந்தாறு சிமென்ட் பெஞ்சு, ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. மாலையில் அந்த மேடையில் யாராவது பாடுகிறார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். கேட்க மனமில்லாதவர்கள் நடையைக் கட்டுகிறார்கள். இவ்வளவுதான். ஊர் நடுவில் ஒரு பூங்கா. பூங்காவுக்குள் ஒரு பாட்டு மேடை.

ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, குழாயில் தண்ணீர் வந்தால் வருகிறது, வராவிட்டால் இல்லை. இதற்கு நடுவில் பாட்டு மேடை ஒன்றுதான் குறைச்சலா என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நமக்கு மேடைக்குப் பஞ்சமா?

இல்லவே இல்லை! அம்மன் கோயில் கொடை வந்தால் மேடை. மகாதேவர் கோயில் உற்சவம் வந்தால் மேடை. மாதா கோயிலில் கொடி ஏறினால் மேடை. சபையில் கன்வென்ஷன் என்றால் மேடை. கந்தூரிக்கு மேடை, கட்சி மாநாட்டுக்கு மேடை, கிளப்பின் ஓண விழாவுக்கு மேடை. பந்தல்காரர்களுக்கும் மைக் செட்காரர்களுக்கும் ஓய்வே இல்லாத மாதங்கள் உண்டு. இந்தியாவில் இவ்வளவு சின்ன வட்டாரத்துக்குள் இவ்வளவு மேடை போடுகிற ஊர்கள் அதிகம் இருக்காது என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

அந்த மேடைகளை நான் குறை சொல்ல வரவில்லை. நம்முடைய பாட்டும் கதையும் அங்கேதான் பிறந்தன, அங்கேதான் வளர்ந்தன. வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சபாவிலும் மண்டபத்திலும் வளர்ந்த கலையா அது? கோயில் முன்னால் ஓலைப் பந்தல் போட்டு, மண்தரையில் பாய் விரித்து வளர்த்த கலை. வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்து, புலவர் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் வீசுகோலை எடுத்து நாணில் ஓர் அடி அடிப்பார். வில்லில் கட்டிய மணிகள் எல்லாம் ஒருசேரக் குலுங்கும். குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பவர் அடிப்பார். உடுக்கை பேசும், ஜால்ரா சேரும். மைக் வராத காலத்திலேயே அந்தச் சத்தம் வயலைத் தாண்டி அடுத்த விளைக்குக் கேட்கும். படுத்திருந்தவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவான். விடிய விடியக் கதை நடக்கும். அந்த வில்லின் ஓசைக்கு, மாநில எல்லையான இஞ்சிவிளைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பேதம் கிடையாது. இன்றும் தமிழில் பாடுகிறார்கள், மலையாளத்திலும் பாடுகிறார்கள்.

கதையும் பாட்டுமாகச் சொல்லும் கதாபிரசங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வி. சாம்பசிவன் என்ற கலைஞர் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவை எங்கே கொண்டுபோய்ச் சொன்னார்? பல்கலைக்கழக அரங்கிலா? கோயில் மைதானத்தில் சொன்னார். நெல் அறுத்தவர்களும் கயிறு திரித்தவர்களும் நடு ராத்திரியில் மணலில் உட்கார்ந்து டெஸ்டிமோனாவுக்காகக் கண் கலங்கினார்கள். திறந்தவெளி மேடை நமக்குப் புதிது இல்லை. அது நம் பரம்பரைச் சொத்து.

ஆனால் அந்தச் சொத்துக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. மேடை ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமைக்காரர் இருக்கிறார். கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிப் புத்தகத்தில் பெயர் உள்ள குடும்பம் வேறு, பெயர் இல்லாத குடும்பம் வேறு. திருவிழாவுக்கு ஒரு கமிட்டி உண்டு. மாநாட்டுக்கு ஒரு கொடி உண்டு. கேட்கப் போகிறவனை யாரும் தடுப்பதில்லை, உண்மைதான். ஆனாலும் விருந்தாளியாகப் போகிறோமா, வீட்டுக்காரனாகப் போகிறோமா என்பது நமக்குத் தெரியும், நம் காலுக்கும் தெரியும். யார் வீட்டு விசேஷமும் இல்லாத ஒரு நாளில், யாரும் யாரையும் அழைக்காமல், எல்லோரும் வீட்டுக்காரராக வந்து உட்காரும் மேடை ஒன்று இந்த வட்டாரத்தில் எங்கே இருக்கிறது? இதுதான் என் கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரே கேள்விதான்.

அன்பர்களே, நம் வாசலில் ஓடும் இந்தச் சாலையைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 66 என்று எண் போட்டிருக்கிறார்கள். லாரி போகிறது, மீன் வண்டி போகிறது, இரண்டு மாநிலத்து பஸ்களும் போட்டி போட்டுக்கொண்டு போகின்றன. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை இதே சாலையில் இசை நடந்து போகிறது. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கெட்டு சரஸ்வதி யானை மேல் புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருகிறார்கள். முதல் இரவு குழித்துறையில். மறுநாள் களியக்காவிளையில் எல்லை தாண்டி, கேரளத்தின் வரவேற்பை ஏற்று, பாறசாலை வழியாக வந்து, இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது நம் பெரியவர்கள் சொல்லிவரும் ஐதீகம். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய வழக்கம் இது.

1956 நவம்பர் 1 அன்று இந்தச் சாலையின் குறுக்கே எல்லைக்கோடு விழுந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் அந்தப் பக்கம், தமிழகத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றது. அக்காள் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு இன்னொரு மாநிலம். அரசாங்கக் கடிதம் ஒரு மொழியில் வருகிறது, அடுக்களைப் பேச்சு இன்னொரு மொழியில் நடக்கிறது. ஆனாலும் சரஸ்வதியின் ஊர்வலம் நிற்கவில்லை. சாலை ஓரத்தில் குத்துவிளக்கு ஏற்றி வைத்து, தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு நாம் நிற்கிறோம். கலைவாணி நம்மைத் தாண்டிப் போகிறாள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்பது நாள் கச்சேரி நடக்கிறது.

எங்கே நடக்கிறது? திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில். அருமையான மண்டபம் அது. கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டி ஒலியைப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கச்சேரி. கைதட்டல் கிடையாது. ஒவ்வொரு நாளும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனை ஒன்று பிரதானம். முதல் நாள் சங்கராபரணம், கடைசி நாள் ஆரபி. தென்னாட்டின் பெரிய பெரிய வித்துவான்கள் அங்கே பாடியிருக்கிறார்கள். வித்துவான்கள் என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா? பெண்கள் அங்கே பாட முடியாமல் இருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கலைமகளின் முன்னிலையில் ஒரு பெண்ணின் குரல் கச்சேரியாக ஒலித்ததே இல்லை.

அந்தப் பூட்டைத் திறந்தவர் யார்? இந்த ஊர்க்காரர்! இதே பாறசாலையில் 1924ஆம் ஆண்டு ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொன்னம்மாள். பாறசாலை பி. பொன்னம்மாள். 1939இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, முத்தையா பாகவதர் தலைமையில் நடந்த சுவாதித் திருநாள் இசைக் கழகத்தில் மாணவியாகப் போய்ச் சேர்ந்தவர். செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் பாடம் கேட்டவர். பிறகு ஆசிரியை ஆனார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். எத்தனையோ பேரைப் பாட வைத்தார். ஆனால் நவராத்திரி மண்டபம்? அதன் கதவு திறக்க 2006 ஆக வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 81.

எண்பத்தொன்று! குரல் நடுங்கும் வயது. தம்புராவைத் தூக்கி வைக்கவே இன்னொருவர் துணை தேவைப்படும் வயது. அந்த வயதில் போய் அமர்ந்து, காலப்பிரமாணம் குலையாமல், அவசரமே இல்லாமல் அவர் பாடினார். 2017இல் பத்மஸ்ரீ வந்தது. 2021இல் 96 வயதில் மறைந்தார். நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெருமைப்பட்டு முடித்தபின் கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். ஒரு பாட்டுக்காரி தன் பாட்டுக்கு ஒரு மேடை கிடைக்க 81 வயது வரை காத்திருக்கலாமா? அவருக்குப் பட்டமும் பதவியும் திறமையும் இருந்தன. அதனால் ஒரு நாள் கதவு திறந்தது. பட்டமும் பதவியும் இல்லாத, நன்றாகப் பாடுகிற ஒரு முந்திரி ஆலைத் தொழிலாளிக்கு எந்தக் கதவு திறக்கும்?

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். நெய்யாற்றின்கரை வாசுதேவன். ராமநாதபுரம் கிருஷ்ணனின் சீடர். வானொலியில் நாம் கேட்டு வளர்ந்த கனத்த சாரீரம். 2004இல் பத்மஸ்ரீ பெற்றவர், 2008இல் மறைந்தவர். ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டு சபாதோறும் போய்ப் பாடினார். ஒருவர் பாறசாலையைச் சுமந்தார்; ஒருவர் நெய்யாற்றின்கரையைச் சுமந்தார். அவர்கள் ஊரைச் சுமந்தார்கள். ஊர் அவர்களுக்காக என்ன செய்தது? ஒரு புதன்கிழமை மாலையில், திருவிழா எதுவும் இல்லாத சாதாரண மாலையில், அடுத்த வாசுதேவனோ அடுத்த பொன்னம்மாளோ நின்று பாடிப் பார்க்க ஒரு திண்ணையாவது ஒதுக்கியதா?

நண்பர்களே, எல்லோருக்கும் பொதுவான இடம் என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தது இல்லை. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல் நாராயண குரு அங்கே ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். செய்துவிட்டு, சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தவராக வாழும் இடம் எப்படி இருக்கும் என்பதற்கு இது முன்மாதிரி என்ற பொருளில் எழுதி வைத்தார். பொது இடம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் உண்டா?

சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை இந்த நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்தவர். வக்கம் மௌலவி நடத்திய சுதேசாபிமானி பத்திரிகையின் ஆசிரியர். திருவிதாங்கூர் திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைத் தாட்சண்யம் இல்லாமல் விமர்சித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல், ஆசிரியர் நாடுகடத்தல். போலீஸ் காவலோடு திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1912இல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதினார். 1916இல் கண்ணூரில் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்று நெய்யாற்றின்கரை நகரின் நடுவே அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. வாய் திறந்ததற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனின் பெயரைத் தாங்கிய பூங்கா, ஊரில் உள்ள எல்லோரும் வாய் திறக்கும் இடமாக இருக்க வேண்டாமா? பேசவும் பாடவும் கதை சொல்லவும் உரிய இடமாக இருக்க வேண்டாமா? அவர் சிலைக்கு மாலை போடுவது வருஷத்தில் ஒரு நாள் மரியாதை. அவர் பெயர் கொண்ட நிலத்தில் வாரம் ஒரு குரல் ஒலித்தால் அது என்றைக்கும் மரியாதை.

சரி, இப்படி ஒரு மேடை நடக்குமா, நிலைக்குமா என்று கேட்பீர்கள். நடந்த இடங்களைச் சொல்கிறேன். ஒவ்வோர் இடமும் ஒரு பாடம்.

முதல் பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மியூசியத்துக்குப் போகாதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். குரங்குக் கூண்டைப் பார்த்திருப்பீர்கள். ராபர்ட் சிஷோம் வரைந்து 1880இல் முடிந்த நேப்பியர் மியூசியக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே தோட்டத்தில் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறதே, கவனித்தீர்களா? பேண்டு வாத்தியக் குழு நின்று வாசிப்பதற்கென்றே கட்டிய மண்டபம் அது. நான்கு பக்கமும் திறப்பு. சுவர் கிடையாது, எனவே முன்வரிசையும் பின்வரிசையும் கிடையாது. சுற்றி நடந்துகொண்டே கேட்கலாம், புல்லில் உட்கார்ந்தும் கேட்கலாம். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலும் 1930இல் கட்டிய எண்கோண பேண்டு மண்டபம் ஒன்று இருக்கிறது. அதே பூங்காவின் ஏரி நடுவில் இருக்கும் மேடையில் இன்று இலவசக் கச்சேரிகள் நடக்கின்றன. நம் தமிழர்களும் பாய் கொண்டுபோய் விரித்து உட்கார்ந்து கேட்கிறார்கள். பூங்காவுக்கு நடக்க வந்தவன் ரசிகனாகத் திரும்பலாம் என்பது முதல் பாடம்.

இரண்டாவது, அதே திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை காந்தி பார்க். சுற்றிலும் பஸ். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு துண்டு நிலம், காந்தி சிலை, ஒரு மேடை. கேரளத்தின் எத்தனையோ அரசியல் பேச்சுகள் அங்கே முழங்கியிருக்கின்றன. நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் காதிலும் அந்தப் பேச்சு விழுந்தது. பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் மேடை இருந்தால் கூட்டத்தைத் தேட வேண்டாம். கூட்டம் ஏற்கெனவே அங்கே நிற்கிறது. இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது, அதே நகரத்தின் மானவீயம் வீதி. ஒரு முனையில் கவிஞர் வயலார் ராமவர்மாவின் சிலை, மறுமுனையில் இசையமைப்பாளர் ஜி. தேவராஜனின் சிலை. பாட்டெழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் நடுவில் ஒரு சின்னத் தெரு. அந்தத் தெருவை இளைஞர்கள் ஓவியமும் நாடகமும் பாட்டுமாகக் கலை வீதி ஆக்கினார்கள். பிறகு இரவு முழுக்கத் திறந்தார்கள். கூட்டம் பெருகியது, சண்டை சச்சரவும் வந்தது, 2023இல் காவல் துறை கட்டுப்பாடு போட்டது. அதனால் என்ன? தெருவை மூடிவிட்டார்களா? இல்லை. நேரம் வகுத்தார்கள், ஒலியைக் குறைக்கச் சொன்னார்கள். பொது இடம் என்றால் தகராறு வரும். தகராறு வந்தால் ஒழுங்கு செய்ய வேண்டுமே தவிர, பூட்டுப் போடக் கூடாது. இது மூன்றாவது பாடம்.

நான்காவது பாடத்துக்குச் சென்னை போக வேண்டும். மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் உள்ளது. அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் மைக் இல்லாத கச்சேரி என்று ஒன்று நடத்தினார்கள். பாடுவது யார்? பெரும்பாலும் பிள்ளைகள். அரங்கேற்றம் ஆகியிருக்கும், சபாவில் இடம் கிடைத்திருக்காது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, டிக்கெட் இல்லை. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் கான்வாஸ் ஷூவோடு நின்று ஒரு கீர்த்தனை கேட்டுவிட்டுப் போவார். மைக் இல்லாததால் என்ன ஆகிறது? கேட்பவர்கள் நெருங்கி உட்கார வேண்டியிருக்கிறது. பாடுகிற பிள்ளை தன் குரலைத் தானே கேட்கிறது. சுருதி விலகினால் உடனே அதற்கே தெரிகிறது. ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கிப் பழகிய நம் ஊருக்கு, பாட்டுக்குச் சத்தம் அவசியமில்லை என்று காட்டுவது இந்த நான்காவது பாடம்.

அதே சென்னையில் 2007இல் சென்னை சங்கமம் நடந்தது. பறையும் கரகமும் ஒயிலும் தேவராட்டமும் மாநகரத்துப் பூங்காக்களுக்கு வந்தன. நாட்டுப்புறக் கலைஞன் ஊர்க் கோயில் வாசலில் ஆடியபோது அவன் சாதி முதலில் தெரிந்தது. பூங்காவில் ஆடியபோது அவன் ஆட்டம் முதலில் தெரிந்தது. இடம் மாறினால் பார்வை மாறும். நாம் வேண்டுவதும் அதைத்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். இதெல்லாம் நகரசபையின் வேலையா என்று யாராவது கேட்டால், அரசியலமைப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையைப் புரட்டுங்கள். நகராட்சிகளின் பணிப் பட்டியலில் 12ஆவது இனம் என்ன? பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம். அதற்கு அடுத்த 13ஆவது இனம்? கலாசார, கல்வி, அழகியல் வளர்ச்சி. பூங்காவும் கலையும் சட்டப் புத்தகத்திலேயே அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன! நெய்யாற்றின்கரை நகராட்சி. சரி, பாறசாலை கிராமப் பஞ்சாயத்து ஆயிற்றே என்பீர்கள். அதற்குப் பதினோராவது அட்டவணை. 20ஆவது இனம் நூலகம், 21ஆவது இனம் கலாசார நடவடிக்கைகள். நாம் இப்போது நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். சட்டம் நமக்கு இன்னும் ஒரே ஒரு வரி பாக்கி வைத்திருக்கிறது.

செலவு? பெரிய கட்டடம் வேண்டாம். தயவுசெய்து கட்ட வேண்டாம்! கோடிக் கணக்கில் ஆடிட்டோரியம் கட்டினால் அதற்கு வாடகை வரும். வாடகை வந்தால் கல்யாணத்துக்குப் போகும். நமக்கு மறுபடியும் வாசல்தான். நமக்கு வேண்டியது முழங்கால் உயரத் தளம். குழந்தையும் ஏற வேண்டும், முட்டுவலிக்காரப் பாட்டியும் ஏற வேண்டும் என்பதால் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை. இடவப்பாதி மழையும் துலாமழையும் என்று வருஷத்துக்கு இரண்டு மழை பெய்கிற ஊர் இது; அதனால் மேலே ஓடு. மேற்கு வெயில் பாடுகிறவர் கண்ணில் விழாதபடி திசை பார்த்துப் போடுங்கள். நல்ல விளக்கு நான்கு. சுத்தமான கழிப்பறை. பெண்கள் மாலையில் வந்து உட்கார்வதும் உட்காராததும் கடைசியில் சொன்ன இந்த இரண்டைப் பொறுத்தது. மேடை அழகாக இருந்து விளக்கு எரியாவிட்டால், அது மறுபடியும் ஆண்பிள்ளைகள் சீட்டாடும் இடமாகத்தான் முடியும்.

சத்தம் தொந்தரவு ஆகாதா? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறதே, நோயாளி இருக்கிறாரே? இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. நம் மேடை ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியட்டும். மைக் இல்லாமல் முடிந்தால் மிகவும் நல்லது. உண்மையைச் சொல்லப்போனால், இந்த ஊரில் எல்லாச் சத்தத்தையும் சகித்துக்கொள்கிறோம். சிங்காரி மேளத்தைச் சகிக்கிறோம், தேர்தல் ஜீப்பைச் சகிக்கிறோம், விடிகாலையில் நான்கு திசையிலிருந்தும் வரும் பக்திப் பாட்டைச் சகிக்கிறோம். ஒன்றரை மணி நேரம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வயலின் வாசிப்பதற்கா நம் பொறுமை போதாது?

கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்ள மாட்டார்களா? பிடிக்கப் பார்ப்பார்கள். சமுதாயச் சங்கங்கள் பிடிக்கப் பார்க்கும். கடை விளம்பரக்காரர் தன் பேனரை மேடைக்குப் பின்னால் கட்டப் பார்ப்பார். அதற்குத்தான் ஓர் ஒழுங்கு வேண்டும். மூன்றே விதி போதும். ஒன்று, முன்பதிவுப் புத்தகம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். முதலில் எழுதியவருக்கு முதல் இடம். இரண்டு, கொடியும் பேனரும் மேடையில் கூடாது. மூன்று, ஒரே குழு அடுத்தடுத்து இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றையும் காப்பாற்றினால் மேடை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

யார் பாடுவார்கள் என்று கவலைப்படுகிறீர்களா? இந்த அரங்கில் கேட்டுப் பாருங்கள்! சபையின் பாடகர் குழுவில் நாலு குரலில் பாடிப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். செண்டை பழகும் பையன்கள் இருக்கிறார்கள். மாப்பிளைப்பாட்டு பாடுகிற இக்காமார் இருக்கிறார்கள். குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் திருவாதிரைக் களி ஆடும் சேச்சிமார் இருக்கிறார்கள். கொடை முடிந்தால் அடுத்த கொடை வரை வில்லைப் பரணில் ஏற்றி வைக்கிற புலவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் இன்றுவரை ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டதில்லை. சபையில் பாடும் பெண்ணின் பாட்டைக் கொடைக்கு வரும் பெண் கேட்டதில்லை. கொடையில் பாடும் புலவரை மசூதித் தெருப் பையன் கேட்டதில்லை. ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம், ஒரே மருத்துவமனையில் வரிசை நிற்கிறோம். பாட்டு மட்டும் தனித்தனியா? தமிழ் தனியாக, மலையாளம் தனியாக, சாதிக்கொன்றாக, சபைக்கொன்றாக?

ரோடும் தண்ணீரும் இருக்கையில் மேடை எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா? இதோ பதில். ரோடு கேட்கவும் தண்ணீர் கேட்கவும் ஊர் ஒன்றுசேர வேண்டும். ஒன்றுசேர ஓர் இடம் வேண்டும். இன்று நாம் ஒன்றுசேர்வது சாவு வீட்டில், இல்லையென்றால் சண்டையில். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்கள் பக்கத்தில் நின்று குழாய்த் தண்ணீரும் கேட்பார்கள். முகம் பழகிய ஊர்தான் உரிமை கேட்கும் ஊர். மேடை ரோட்டுக்குப் போட்டி இல்லை. ரோடு வருவதற்கும் அதுதான் வழி.

எனவே, பெரியோர்களே, இளைஞர்களே, கைதட்டிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். ஒரே ஒரு வேலை தருகிறேன். அடுத்த கிராம சபை எப்போது என்று உங்கள் வார்டு மெம்பரிடம் கேளுங்கள். நகராட்சியில் இருப்பவர்கள் வார்டு சபை எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அந்த நாளில் போங்கள். பத்துப் பேராகப் போங்கள். பத்துப் பேரும் ஒரே தெருக்காரராக, ஒரே கோயில்காரராக இருக்க வேண்டாம். தமிழில் ஒரு மனு, மலையாளத்தில் ஒரு மனு எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் இந்த நூலகத்துப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். மனுவில் ஒரே வாக்கியம் போதும்: பூங்காவில் ஒரு மேடை கட்டுங்கள், அதை யாருக்கும் சொந்தமாக்காதீர்கள்.

மினிட் புத்தகத்தில் அந்த வாக்கியம் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள். ஏறியபின், முன்பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியில், இதுவரை நீங்கள் பேசிப் பழகாத பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரையும் நீங்களே எழுதுங்கள்.

 வணக்கம்.